வெம்பிளியில் சோமாலிப் பையன்களோடு பந்தாடும் மகன்: அனுப்பலாமா?

கேள்வியை என் வார்த்தையில் ஒரு முறை சொல்லிப் பார்க்கிறேன். சென்னையிலிருந்து வெம்பிளிக்கு வந்து எட்டு மாதம் ஆகிறது. 13 வயது மகனுக்கு இங்கே கிடைத்த நண்பர்கள் எல்லாரும் சோமாலிப் பையன்கள். பள்ளி விட்டதும் பந்து, சனி ஞாயிறு முழுக்கப் பந்து. "இவர்களுக்குக் கால்பந்தை விட்டால் வேறு எதுவுமே கிடையாதா?" என்று கேட்டிருக்கிறீர்கள். ஒரு வீட்டில் நோன்பு திறக்க அழைத்திருக்கிறார்கள், என்ன கொண்டுபோவது என்றும் கேட்டிருக்கிறீர்கள். இரண்டுக்கும் நடுவில், "கத்தி, கேங் என்றெல்லாம் ஆபீஸில் சொல்கிறார்கள்" என்று போகிறபோக்கில் ஒரு வரி இருக்கிறது. உங்கள் உண்மையான கேள்வி அந்த வரிதான் என்று நினைக்கிறேன். இந்தப் பிள்ளைகளை நம்பி என் பிள்ளையை அனுப்பலாமா? அனுப்பலாம். ஏன் என்று சொல்லத்தான் கொஞ்சம் நீளமாக எழுத வேண்டியிருக்கிறது.

நான் வடமேற்கு லண்டனில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் 17 வருடமாகக் கணக்கு ஆசிரியராக இருக்கிறேன். அதில் 11 வருடமாக ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு சிறுவர் அணிக்குப் பயிற்சியும் கொடுக்கிறேன். அணியில் எந்த வருடமும் பாதிக்குக் குறையாமல் சோமாலிப் பிள்ளைகள் இருப்பார்கள். ஆனால் எனக்கு நேரில் தெரிந்தது இந்த ஒரு மூலையும், பெரும்பாலும் பையன்களும்தான். சோமாலி மொழியில் ஒரு நூறு வார்த்தை தெரியும். மற்ற நாட்டு விஷயங்கள் படித்து அறிந்தவை. கண்ணால் பார்த்தது எது, படித்தது எது, என் கருத்து எது என்று பிரித்துச் சொல்லப் பார்க்கிறேன்.

முதலில், "சோமாலிகள்" என்று எல்லாரையும் ஒரே மூட்டையாகக் கட்டாதீர்கள். என் அணியில் ஒரே வருடம் ஆடிய மூன்று பையன்களைச் சொல்கிறேன். ஒருவனுடைய கொள்ளுத்தாத்தா கார்டிஃப் துறைமுகத்துக் கப்பல்களில் கரி தள்ளியவர். இன்னொருவன் அம்மாவின் கைக்குழந்தையாகக் கென்யாவின் அகதி முகாமிலிருந்து வந்தவன். மூன்றாமவன் தன் அக்காவோடு போனில் சண்டை போடும்போது மட்டும் டச்சு மொழிக்கு மாறிவிடுவான். மூன்று பேரும் சோமாலிதான், ஆனால் மூன்றும் வேறு வேறு கதை.

1869இல் சூயஸ் கால்வாய் திறந்தபின், ஏடன் துறைமுகம் வழியாகச் சோமாலி ஆண்கள் ஆங்கிலேயக் கப்பல்களின் கொதிகலன் அறைகளில் வேலைக்குச் சேர்ந்தார்கள். அப்படித்தான் கார்டிஃபிலும் லண்டனின் கிழக்குப் பகுதியிலும் குடியேறினார்கள். ஆக, இந்த நாட்டில் அவர்களுடைய வரலாறு நூறு வருடத்துக்கும் மேற்பட்டது, அதில் காயங்களும் உண்டு. மஹ்மூத் மத்தான் என்ற முன்னாள் மாலுமியைச் செய்யாத கொலைக்காக 1952இல் கார்டிஃப் சிறையில் தூக்கில் போட்டார்கள். அந்தத் தீர்ப்பு தவறு என்று நீதிமன்றம் ரத்து செய்தது 1998இல். இந்தப் பெயர் என் மாணவர்கள் பலருக்கு வீட்டிலேயே சொல்லப்பட்டிருக்கிறது. போலீஸ் என்றதும் அவர்கள் முகம் மாறுவதை நீங்கள் பார்க்க நேர்ந்தால் இதையும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது அலை போரால் வந்தது. 1988இல் சோமாலியாவை ஆண்ட சியாத் பர்ரேயின் அரசு தன் நாட்டு நகரமான ஹர்கெய்சாவையே விமானத்தில் குண்டு போட்டு அழித்தது. 1991 ஜனவரியில் அந்த அரசும் விழுந்தது. லட்சக்கணக்கான மக்கள் எத்தியோப்பியாவுக்கும் கென்யாவுக்கும் நடந்தார்கள். அங்கிருந்து லண்டன், டொராண்டோ, மினியாபொலிஸ், ஸ்டாக்ஹோம், ஆஸ்லோ என்று சிதறினார்கள். நெதர்லாந்து, ஸ்வீடன், டென்மார்க் போன்ற நாடுகளில் குடியுரிமை வாங்கிவிட்டு, உறவுக்காரர்களும் பள்ளிவாசலும் ஆங்கிலப் படிப்பும் இருக்கிறது என்று 2000க்குப் பிறகு லெஸ்டர், பர்மிங்ஹாம், லண்டன் பக்கம் இடம்பெயர்ந்தவர்கள் மூன்றாவது. அந்த டச்சுக்காரப் பையன் இந்த வகை. 14 வயதுக்குள் அவன் மூன்றாவது நாட்டில் நான்காவது பள்ளியில் படித்துக்கொண்டிருந்தான். புதுப் பள்ளியில் முதல் நாள் மதிய இடைவேளையில் யாரோடு நிற்பது என்ற சங்கடத்தை ஒரு பந்து தீர்த்துவைக்கும் என்பது அவனுக்கு அத்துப்படி. உங்கள் மகனும் அதே வழியில்தான் நண்பர்களைப் பிடித்திருக்கிறான்.

ஏன் எப்போதும் கால்பந்து என்பதற்கு என்னிடம் பெரிய தத்துவம் ஒன்றும் இல்லை. வீடு சின்னது. இரண்டு படுக்கையறை ஃபிளாட்டில் ஆறு, ஏழு பேர் இருக்கும் குடும்பங்கள் எனக்குத் தெரியும். கூடத்தில் பாட்டி தொழுதுகொண்டிருப்பார், தங்கை வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருப்பாள், பையனுக்கு உட்கார இடம் இருக்காது. குடியிருப்புகளுக்கு நடுவே கம்பிவலை அடித்த சிமெண்ட் தளம் ஒன்று இருக்கிறதே, இங்கே அதைக் "கேஜ்" என்பார்கள், அதுதான் அவனுடைய கூடம். கிரிக்கெட்டுக்கு மட்டை, கால்கட்டு, வெள்ளைச் சட்டை, மகனை ஏற்றிப்போக அப்பாவின் கார் எல்லாம் வேண்டும். இதற்கு ஒரு பந்து போதும், அதுவும் பத்துப் பேரில் ஒருவனிடம் இருந்தால் போதும்.

அவர்கள் ஊரிலும் கால்பந்து சும்மா பொழுதுபோக்காக இருந்ததில்லை. சீன உதவியில் 1970களில் தலைநகர் மொகதிசுவில் கட்டிய ஸ்டேடியம் போர்க்காலத்தில் படைமுகாமாகிவிட்டது. அல்ஷபாப் என்ற தீவிரவாதக் குழு அங்கே இருந்தது, 2011இல் அவர்கள் போனபின் ஆப்பிரிக்க ஒன்றியப் படைகள் இருந்தன. 2020இல்தான் மறுபடி ஆட்டத்துக்குத் திறந்தார்கள். 2010 உலகக் கோப்பையை டிவியில் பார்ப்பதையே அங்குள்ள ஆயுதக் குழுக்கள் தடைசெய்தன. பார்த்ததற்காகச் சிலர் உயிரையும் இழந்தார்கள். அந்தச் செய்தியைக் கேட்டு வளர்ந்த ஒரு அண்ணனோ மாமாவோ இந்தப் பையன்கள் ஒவ்வொருவருக்கும் இருக்கிறார். 2019 செப்டம்பர் 5ஆம் தேதி, உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றில் சோமாலியா ஜிம்பாப்வேயை 1-0 என்று ஜெயித்தது. உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றில் அவர்களுடைய முதல் வெற்றியே அதுதான். சொந்த மண்ணில் ஆட முடியாமல் ஜிபூத்தியில் ஆடினார்கள். மறுநாள் வெள்ளிக்கிழமை, என் பத்தாம் வகுப்பின் கடைசி வரிசையில் நாலு பேர் ஒரு போனைச் சுற்றி அந்த ஒரே கோலைத் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். போனைப் பிடுங்க வேண்டியவன் நான். பிடுங்கவில்லை, நானும் பார்த்தேன். அடுத்த வாரம் ஹராரேயில் 3-1 என்று தோற்று வெளியேறினார்கள். அதைப் பற்றி அந்தப் பையன்கள் ஒரு வார்த்தை பேசவில்லை.

அப்புறம் அம்மாக்கள். சோமாலியில் அம்மாவுக்கு "ஹோயோ" என்று பெயர். அம்மாவும் பிள்ளையை "ஹோயோ" என்றே கூப்பிடுவார். மைதானத்து ஓரத்தில் முதல் தடவை இதைக் கேட்டபோது எனக்கு ஒரு நிமிடம் நம் வீடுதான் ஞாபகம் வந்தது. மகளை "வாம்மா", மகனை "சாப்பிடுப்பா" என்று நாம் சொல்கிறோமே, அதே பழக்கம். பல வீடுகளில் அம்மாதான் எல்லாம். அப்பா போரில் போயிருக்கலாம், பிரிந்திருக்கலாம், வேறு நாட்டில் இருக்கலாம், இரவெல்லாம் டாக்சி ஓட்டிவிட்டுப் பகலில் தூங்கிக்கொண்டிருக்கலாம். அப்பாவும் அம்மாவும் சேர்ந்து வந்து கத்தி உற்சாகப்படுத்துகிற குடும்பங்களும் எனக்குத் தெரியும், அதனால் இதைச் சட்டமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் 14 வயதுப் பையன் ஒருவன் அம்மாவுக்கு வந்த கவுன்சில் கடிதத்தைப் படித்து விளக்கிவிட்டு, டாக்டரிடம் மொழிபெயர்க்கக் கூடப் போய்விட்டு, பயிற்சிக்கு இருபது நிமிடம் தாமதமாக ஓடிவருவதை நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். ஆரம்ப வருடங்களில் அதற்காக மைதானத்தைச் சுற்றி ஓடவைத்தேன். காரணம் தெரிந்தபின் நிறுத்திவிட்டேன்.

மாலை நேரம் முழுக்கப் பந்து என்று நீங்கள் நினைப்பதும் சரியல்ல. "டுக்ஸி" என்று குர்ஆன் பள்ளி இருக்கிறது. வாரத்தில் சில மாலைகளும் சனி ஞாயிறு காலைகளும் அதற்குப் போய்விடும். நடுவில் கிடைக்கும் நேரம்தான் நீங்கள் பூங்காவில் பார்ப்பது. படிப்பைப் பொறுத்தவரை அந்த அம்மாக்களின் ஆசை நம் வீட்டு ஆசைதான்: டாக்டர், இன்ஜினியர், வக்கீல். பெற்றோர் கூட்டத்தில் மார்க்கைப் பற்றித்தான் கேட்பார்கள், கோலைப் பற்றி ஒருவரும் என்னிடம் கேட்டதில்லை. தெருவில் சுற்றும் பிள்ளைகளைத் திட்ட "இயால் சூக்" என்று ஒரு சொல் வைத்திருக்கிறார்கள். சந்தையில் திரியும் பிள்ளைகள் என்று அர்த்தம். தன் மகன் அந்தப் பெயரை வாங்கிவிடக் கூடாது என்பதுதான் அங்கே பெரிய பயம்.

பெயரும் பிறந்த தேதியும் படுத்தும் பாட்டை வெளியில் இருப்பவர்கள் யோசித்துப் பார்த்திருக்க மாட்டார்கள். சோமாலிகளுக்குக் குடும்பப் பெயர் கிடையாது. தன் பெயர், அப்பா பெயர், தாத்தா பெயர், அவ்வளவுதான். இனிஷியல் வைத்துக்கொண்டு இங்கே படிவம் நிரப்பிய உங்களுக்கு இந்தக் கஷ்டம் புரியும். முகாம்களில் பதிந்தபோது பிறந்த தேதி தெரியாதவர்களுக்கு ஜனவரி 1 என்று போட்டுவிட்டார்கள். அதனால் ஒரே வீட்டில் இரண்டு பேருக்கு ஜனவரி 1ஆம் தேதி பிறந்தநாள் வருவது சாதாரணம். ஒரு வருடம் என் 14 வயதுக்குட்பட்ட அணியின் பதிவுத் தாளில் மூன்று பேருக்கு அதே தேதி. எதிரணிப் பயிற்சியாளர் அதைக் காட்டி, வயதைக் குறைத்து ஆடுகிறார்கள் என்று புகார் கொடுத்தார். லீக் நிர்வாகம் மூன்று பையன்களையும் ஐந்து வாரம் உட்காரவைத்தது. பாஸ்போர்ட் நகல், பள்ளிக் கடிதம் எல்லாம் கொடுத்தபின் விட்டார்கள். அந்த ஐந்து வாரமும் மூவரில் இருவர் வந்து கோட்டுக்கு வெளியே நின்றார்கள். மூன்றாமவன் வரவில்லை, பிறகும் வரவில்லை. அவனைத் தேடி நான் வீட்டுக்குப் போயிருக்க வேண்டும். போகாமல் விட்டது இன்றும் உறுத்துகிறது.

பணமும் சாதாரண விஷயமில்லை. சந்தா, சீருடை, பூட்ஸ் என்று வருடத்துக்கு ஆகும் தொகை உங்களுக்குச் சின்னதாகத் தெரியலாம். அந்த வீடுகளில் ஊருக்கு அனுப்பும் பணம் வாடகைக்கு அடுத்தபடியாக நிற்கும். நம் பத்திரிகைகளில் "ஹவாலா" என்றால் கறுப்புப் பணம். இங்கே அது உரிமம் வாங்கிய கடை. பாட்டியின் மருந்துக்கும் தம்பியின் பள்ளிக் கட்டணத்துக்கும் பணம் போகும் வழி அதுதான். வருடத்துக்கு நூறு கோடி டாலருக்கு மேல் இப்படிச் சோமாலியாவுக்குப் போகிறது. 2013இல் பார்க்லேஸ் வங்கி இந்தக் கடைகளின் கணக்குகளை மூடப்போவதாக அறிவித்தபோது ஓட்டக்காரர் மோ ஃபாராவே முன்னால் வந்து எதிர்த்தார். சனிக்கிழமை கடையில் வேலை பார்க்கும் 16 வயதுப் பையன் சம்பளத்தில் ஒரு பங்கை அனுப்பிவிட்டு, சந்தாவை அடுத்த மாதம் தருகிறேன் என்று என்னிடம் சொல்லியிருக்கிறான். சொன்னபடி தரவும் செய்தான்.

இனி கத்தி, கேங். இங்கே மழுப்பக் கூடாது. லண்டனில் வறுமை உள்ள பகுதிகளில் போதைப்பொருள் விற்பவர்கள் 13, 14 வயதுப் பிள்ளைகளைத் தேடுகிறார்கள். சோமாலிப் பிள்ளைகளும் சிக்குகிறார்கள், கறுப்பின, வெள்ளையின, நம் தமிழ்ப் பிள்ளைகளும் சிக்கியிருக்கிறார்கள். டொராண்டோவிலும் ஸ்டாக்ஹோம் புறநகர்களிலும் மகனைத் துப்பாக்கிச் சூட்டில் இழந்த சோமாலித் தாய்மார்கள் இருக்கிறார்கள். நீங்கள் எட்டு மாதமாகப் பயப்படுகிறீர்கள், அந்த ஹோயோக்கள் பிள்ளை பிறந்த நாளிலிருந்து பயப்படுகிறார்கள். உங்கள் மகன் சேர்ந்திருப்பது அந்தப் பயத்தோடு வளர்க்கப்படும் பிள்ளைகளோடு.

கால்பந்து பிள்ளைகளைக் காப்பாற்றுகிறது என்று போஸ்டர் ஒட்டுவார்கள். அதை நான் அப்படியே நம்பவில்லை. இது என் கருத்து, ஆய்வு இல்லை. என் அணியில் மிக நன்றாக ஆடிய ஒருவன் அதே வருடம் பள்ளியிலிருந்து விலக்கப்பட்டான். ஞாயிறு தோறும் வந்தான், கோல் போட்டான், மற்ற ஆறு நாள் எங்கே இருந்தான் என்று எனக்குத் தெரியவில்லை. பள்ளியை விட்டு வெளியே தள்ளப்படுவதுதான் பெரிய திருப்பம், அதைப் பந்தால் சரிக்கட்ட முடியாது. ஆனால் ஒன்று கவனித்திருக்கிறேன். பயிற்சிக்கு வருகிற பையனைப் பற்றி நான் அவ்வளவாகக் கவலைப்படுவதில்லை. 15 வயதில் திடீரென்று வராமல் போகிறவனைப் பற்றித்தான் கவலை. அப்படி ஒருவன் வராமல் போனால் அவன் அம்மாவுக்குப் போன் செய்ய ஒரு பெரியவர் இருக்கிறார். கால்பந்து அணியின் உபயோகம் என் கணக்கில் அதுதான்.

சில அம்மாக்கள் வேறு வழி தேடுகிறார்கள். "டகன் எலிஸ்" என்பார்கள், பண்பாட்டுக்குத் திருப்புவது என்று அர்த்தம். மகன் கைமீறிப் போகிறான் என்று தோன்றினால் ஹர்கெய்சாவுக்கோ நைரோபிக்கோ அனுப்பிவிடுவார்கள். கோடை விடுமுறை என்று சொல்லிக் கூட்டிப்போய் விட்டுவிட்டு வந்த கதைகளும் உண்டு. இது நல்லதா கெட்டதா என்று ஒரே வார்த்தையில் சொல்ல முடியவில்லை. என் மாணவன் ஒருவன் ஒன்றரை வருடம் கழித்து வந்தான், நிதானமாக, பாட்டியைப் பற்றிப் பேசிக்கொண்டு. ஆனால் பொதுத் தேர்வு போய்விட்டது, தன்னைவிட இரண்டு வயது சின்னவர்களோடு உட்கார வேண்டியிருந்தது. இன்னொருவன் வந்த நாளிலிருந்து அம்மாவோடு பேசவில்லை.

இவர்கள் மேல் எப்போதும் ஒரு கண் இருக்கிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். 2007இலிருந்து அமெரிக்காவின் மினியாபொலிஸ் பகுதியைச் சேர்ந்த இருபதுக்கும் மேற்பட்ட இளைஞர்கள் அல்ஷபாபில் சேரப் போனார்கள். ஆயிரக்கணக்கான குடும்பங்கள் வாழும் ஊரில் அது ஒரு கைப்பிடிதான், ஆனால் அதன்பின் ஊரிலுள்ள இளைஞர் அமைப்புகளுக்கு வரும் அரசுப் பணமே தீவிரவாதத் தடுப்பு என்ற பெயரில் வர ஆரம்பித்தது. பந்து விளையாடப் போகிறோமா, வேவு பார்க்கப்படப் போகிறோமா என்று அங்குள்ளவர்கள் கேட்டார்கள். கா ஜூக் என்ற சோமாலி இளைஞர் அமைப்பு 2017இல் அப்படி வந்த கிட்டத்தட்ட 5 லட்சம் டாலரை வேண்டாம் என்று திருப்பிவிட்டது. இது படித்தது. பார்த்தது ஒன்று சொல்கிறேன். பயிற்சி முடிந்து கோல் வலையை மடித்துக்கொண்டிருந்தபோது ஒரு பையன் கேட்டான்: "சார், எங்களைப் பற்றி யாருக்காவது எழுதிக் கொடுப்பீர்களா?" 2015 தீவிரவாதத் தடுப்புச் சட்டப்படி, தீவிரவாதத்தின் பக்கம் இழுபடுகிறான் என்று தோன்றும் பிள்ளையைப் பற்றிக் கவனித்துத் தெரிவிக்க வேண்டிய ஒரு கடமை இங்கே பள்ளிகளுக்கு இருக்கிறது. அவனிடம் பொய் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சட்டம் என்ன சொல்கிறது என்று சொன்னேன், உன்னைப் பற்றி எழுதுவதாக இருந்தால் முதலில் உன்னிடமே சொல்வேன் என்றும் சொன்னேன். தலையாட்டிவிட்டு வலையின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டான்.

வெற்றிக் கதைகள் வேண்டுமென்றால் நிறைய இருக்கின்றன. அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் லூயிஸ்டன் என்ற பழைய பஞ்சாலை நகரம். 2001இலிருந்து சோமாலிகள் அங்கே குடியேறினார்கள். அடுத்த வருடமே மேயர், இனி வராதீர்கள் என்ற பொருளில் பகிரங்கக் கடிதம் எழுதினார். 2015இல் அந்த நகர உயர்நிலைப் பள்ளி, பெரும்பாலும் சோமாலிப் பையன்களைக் கொண்ட அணியோடு, இறுதி ஆட்டத்தில் 1-0 என்று ஜெயித்து மாநிலக் கோப்பையை வாங்கியது. எனக்கு மிகவும் பிடித்த கதை. ஆனால் கோப்பை வாங்கினால்தான் ஊர் ஏற்றுக்கொள்ளுமா என்ற கேள்வியும் கூடவே வருகிறது. தொழில்முறையாக ஆடப் போனவர்களும் உண்டு: மொகதிசுவில் பிறந்து இத்தாலியில் வளர்ந்த அயூப் தாவூத் 2009இல் யுவெண்டஸுக்கு ஆடினார், நார்வேயில் வளர்ந்த அப்திசலாம் இப்ராஹிம் மான்செஸ்டர் சிட்டிக்கு ஆடினார். மோ ஃபாராவுக்கே சின்ன வயதில் ஆர்சனலுக்கு ஆட வேண்டும் என்பதுதான் ஆசை. ஃபெல்தமில் ஒரு உடற்பயிற்சி ஆசிரியர் கவனித்து ஓட்டத்துக்குத் திருப்பினார். சின்னப் பிள்ளையாக இருந்த தன்னைக் கடத்திக்கொண்டு வந்து வேறொரு பிள்ளையின் பெயரில் வளர்த்தார்கள் என்ற உண்மையை அவர் முதலில் சொன்னதும் அந்த ஆசிரியரிடம்தான். நான்கு ஒலிம்பிக் தங்கத்தைவிட அந்தச் செய்திதான் ஆசிரியனாக என்னை அதிகம் பாதித்தது.

பெண் பிள்ளைகளைப் பற்றி நான் அதிகம் பேசத் தகுதியில்லை, ஆனால் விட்டுவிடவும் முடியாது. தலைத்துணியோடு ஆடலாம் என்று உலகக் கால்பந்து விதிகளில் 2014இல்தான் வந்தது. உங்கள் வெம்பிளிப் பக்கத்திலேயே வளர்ந்த ஜவாஹிர் ரோப்லே, ஹிஜாப் அணிந்து நடுவராக ஆண்கள் ஆட்டங்களை நடத்துகிறார். சோமாலியப் பெண்கள் அணியின் தலைவியாக இருந்த இக்ரா இஸ்மாயிலை, அரைக்கால் சட்டை போடாமல் முழுக்கால் சட்டை போட்டதற்காக 2024 அக்டோபரில் லண்டனில் ஒரு ஆட்டத்தில் இறங்கவிடவில்லை. அதற்குப் பிறகுதான் விதியைத் தெளிவாக்கினார்கள். என் அணிப் பையன்களின் தங்கைகள் கோட்டுக்கு வெளியே அண்ணன்களைவிட அழகாகப் பந்தைத் தட்டிக்கொண்டிருப்பதைப் பார்க்கிறேன். அவர்களுக்கு ஒரு பெண் பயிற்சியாளரை மூன்று வருடமாகத் தேடிக்கொண்டிருக்கிறோம். படிக்கிறவர்களில் யாராவது இருந்தால் தயவுசெய்து கீழே எழுதுங்கள்.

சரி, நீங்கள் செய்ய வேண்டியது. மகனை நிறுத்தாதீர்கள். ஒரு ஞாயிறு நீங்களே போய்க் கோட்டோரம் நில்லுங்கள். பயிற்சியாளர் யார், குழந்தைகளோடு வேலை செய்வதற்கான போலீஸ் சரிபார்ப்பு முடித்தவரா என்று கேளுங்கள், யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். இரண்டு அம்மாக்களின் போன் நம்பரை வாங்கி, உங்கள் வீட்டு நம்பரையும் கொடுங்கள். எத்தனை மணிக்கு வீடு வர வேண்டும் என்று மகனிடம் சொல்லிவிடுங்கள், அந்தப் பையன்களுக்கும் அப்படி ஒரு நேரம் உண்டு. புதிதாகப் பெரிய பையன்கள் வந்து ஷூ, போன் என்று வாங்கிக் கொடுக்க ஆரம்பித்தால், அவர்கள் எந்த இனமாக இருந்தாலும், உடனே பள்ளியிடம் பேசுங்கள். "எந்தக் குலம்?" என்று அவர்களிடம் கேட்காதீர்கள். பெரியவர்களுக்குள் அது புண்ணான விஷயம், பையன்கள் பலர் அதைத் தாண்டிவரத் தவிக்கிறார்கள். அந்தக் குடும்பம் "சோமாலிலாந்து" என்று சொன்னால் நீங்களும் அப்படியே சொல்லுங்கள். 1991 மே மாதம் தனி நாடு என்று அறிவித்துக்கொண்ட பகுதி அது, ஹர்கெய்சா அதன் தலைநகரம்.

விருந்துக்கு நல்ல பேரீச்சம்பழம் ஒரு பெட்டியும் கொஞ்சம் பழங்களும் போதும். இனிப்பு வாங்கினால் ஜெலட்டின் இல்லாததாகப் பார்த்து வாங்குங்கள். வீட்டில் செய்த கேசரியோ அதிரசமோ கொண்டுபோனால் இன்னும் சந்தோஷப்படுவார்கள். நோன்பு திறக்கும் நேரத்துக்குப் பத்து நிமிடம் முன்னாலேயே போய்விடுங்கள், வாசலில் செருப்பைக் கழற்றுங்கள். வீட்டுப் பெண்களிடம் நீங்களாகக் கை நீட்டாதீர்கள், நெஞ்சில் கை வைத்து ஸலாம் சொன்னால் போதும். "சம்பூஸ்" என்று தட்டில் வருவது நம் சமோசாதான், காரம் மட்டும் கொஞ்சம் குறைவு. அப்புறம் சோற்றுத் தட்டோடு ஒரு வாழைப்பழம் வைப்பார்கள். அதைக் கடைசிக்கு என்று எடுத்து வைக்காமல், துண்டு துண்டாகக் கறிச்சோற்றோடு சேர்த்துச் சாப்பிடுங்கள். எப்படி என்று உங்கள் மகனுக்கு இந்நேரம் தெரிந்திருக்கும், அவனைப் பார்த்துச் செய்யுங்கள்.